இடுப்பளவில் வெட்டிய தோடை

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "மூணு தோடைக் கன்னையும் பேத்து டின்னுல வச்சிரலாம்னு பாக்குறேம்மா. தோட்டத்துப் பீல்ட் ஆபீசர் வந்து சொல்லிட்டுப் போனாரு. மரக்கறி போடலாமாம், மரம் வேணாமாம். காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்த பெறகு வச்சுக்கலாமாம்." இதைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற மருமகள் சுகந்தியிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாய். அது சிரிப்பு இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? கல்யாணக் களைப்புத் தீருவதற்குள் பதுளையிலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி, கொஸ்லந்தை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுபோய், புது வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி வைத்தவன் நீ. சுகந்தி தன் பங்குக்கு இரண்டு கொய்யாக் கன்று வைத்தாள். அந்தக் கன்றுகளைத்தான் இப்போது டின்னில் அடைக்கலாம் என்கிறாய்.

பேர்க்காதே. இந்தக் கடிதம் முழுவதும் நான் சொல்லப்போவது இதைத்தான். அவசரமாக இருந்தால் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, மண்வெட்டியை எடுத்து வீட்டுக்குள் வை. மற்றதை ஆறுதலாகப் படிக்கலாம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்குக் கொடுத்ததற்கு நீ கோபப்படுவாய் என்று தெரியும். படு. உன்னைப்போலவே தோட்டத்துக் காணியில் ஏழு பேர்ச்சில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, பின்னால் இருக்கிற துண்டு மண்ணைப் பார்த்தபடி, வைக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற பிள்ளைகள் இந்த ஊவா மலை முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுத நேரமில்லை. உண்மையில் உன் கல்யாணத்துக்கு முன்பே இதை எழுதித் தந்திருக்க வேண்டும். பிந்திவிட்டேன். பிந்தியாவது சொல்கிறேன்.

நான் தைரியசாலி இல்லை என்பது உனக்குத் தெரியும். மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் உனக்கு எத்தனை முறை போன் பண்ணுவேன் என்று சுகந்தியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய். கேஸ் பூட்டினாயா, மேட்டில் வெடிப்பு ஏதும் தெரிகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயா. பத்தொன்பதில் உன்னைப் பெற்றவள் நான். ஆசிரியர் கலாசாலைக்குப் படிக்கப் போனபோது நீ தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாய். இன்றைக்கும் பஸ்ஸில் நம்மைப் பார்த்து அக்காவும் தம்பியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உனக்கு வெட்கம், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இளம் வயதில் தாயானவளுக்குப் பயம் கூடவே வளர்கிறது. அந்தப் பயத்தோடுதான் சொல்கிறேன்: பேர்க்காதே.

நீ பிறந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு தோடை நின்றது. உனக்கு அது செடியாகத்தான் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் நாங்கள் அதை மரமாக விடவே இல்லை. பீன்ஸ் போடலாம், கோவா போடலாம், லீக்ஸ் போடலாம். ஒரு போகத்தில் வந்து ஒரு போகத்தில் போய்விடுகிற எதையும் போடலாம். மரம் மட்டும் வைக்கக்கூடாது. ஏன் என்று எவரும் வாய் திறந்து சொன்னதில்லை. கோவா வெட்டினால் முடிந்தது. மரம் நிற்கும். நிற்கிற மரத்துக்கு, வைத்தவன் என்று ஒருவன் இருப்பான். அந்த வம்பே வேண்டாம் என்பதுதான் தோட்டத்துச் சட்டம்.

மொனராகலைப் பஸ்ஸில் வாங்கித் தின்ற ஆரஞ்சுப் பழத்தின் விதையை உன் அப்பா சும்மா மண்ணில் குத்தி வைத்தார். அது முளைத்து, தேயிலைக்கு மேலே தலையை நீட்டத் தொடங்கியதும் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஏங்க, சின்னதொர கண்ணுல பட்டா என்னா செய்றது?" என்றேன். உன் அப்பா அப்போது கவ்வாத்து வேலையில் இருந்தார். தேயிலையை இடுப்பளவுக்கு மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. "பட்டாத்தானே" என்று கத்தியை எடுத்து, தோடையையும் தேயிலை மட்டத்துக்கு ஒரே சீராக வெட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் மலையோடு மலையாகப் போயிற்று. துளிர் விடும்போதெல்லாம் வெட்டுவார். அவர் மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன்.

ஒரு நாள், தோட்டத்தை மேற்பார்வை பார்க்கிற அந்தச் சின்னதுரை வந்தே விட்டார். செடிக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து பார்த்தார். "என்னா இது?"

"தேயிலதாங்க தொர. கொஞ்சம் சாதி வேற."

"முள்ளு இருக்கே?"

"அதாங்க சாதி வேறன்னேன்."

சின்னதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் திட்ட முடியவில்லை, போய்விட்டார். அன்றைக்கு லயமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. "முள்ளுத் தேயிலையில ஒரு டீ போடும்மா" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் அந்த மரம் எங்களிடம் இருந்தவரைக்கும் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. ஆண் மரம் என்றார்கள். தீட்டுப் பட்டுவிட்டது என்றார்கள். கலாசாலையில் விவசாயம் ஒரு பாடமாக வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. அதனால் வெட்ட வெட்டத் துளிர்க்க வேண்டும், துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ள வேண்டும். பழமரத்தில் அந்தக் கணக்கு நடக்காது. கிளை நீண்டு, முற்றி, கொஞ்ச காலம் சும்மா நிற்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் பூவைப் பற்றி அது யோசிக்கும். யோசிக்கிற கிளையை எல்லாம் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தோம்.

தோட்டத்தில் பிறந்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு, தம்பி. எந்தச் செடியைக் கண்டாலும் நுனியைக் கிள்ளும். போன மாதம் வந்தபோது கவனித்தேன்; நீ பேசிக்கொண்டே கன்றின் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாய். இனிக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு பேசு. ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே வருகிற துளிரை மட்டும் உடனே ஒடித்துவிடு, அது அடிமரத்தின் காட்டுத் துளிர், விட்டால் மேலே இருக்கிற நல்லதைத் தின்றுவிடும். காய்ந்த குச்சியையும், ஒன்றோடொன்று உரசுகிற கிளையையும் எடு. மற்றதைத் தொடாதே. கவ்வாத்துக் கத்தியை உன் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

வெட்டுவதில் இன்னொரு கேடும் இருந்தது. எந்நேரமும் இளந்துளிர் இருந்ததால் ஊரில் உள்ள பூச்சியெல்லாம் எங்கள் தோடைக்குத்தான் வரும். இலைக்குள் வெள்ளிக் கோடு இழுத்ததுபோல் ஒரு புழு ஊர்ந்துகொண்டே தின்னும். துளிரின் அடியில் அசுவினி அப்பிக்கொண்டிருக்கும். பறவை எச்சம் மாதிரியே கிடக்கும் ஒன்று, தொட்டால் நெளியும். அதுவும் புழுதான், வளர்ந்தால் பச்சையாகி, இருக்கிற இலையெல்லாம் தின்றுவிட்டு அழகான வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். இவை எல்லாவற்றுக்கும் பிடித்தது பிஞ்சு இலை. முற்றிய இலையைப் பெரும்பாலும் தொடாது. உன் கன்றுகளில் இப்போது வெள்ளிக் கோடு விழுந்திருக்கிறது என்று சுகந்தி படம் அனுப்பினாள். பதறாதே. பதறுவதற்கு நான் இருக்கிறேன். அந்த இலையைப் பிய்க்கவும் வேண்டாம், பாதி பச்சை இருந்தாலும் அது மரத்துக்குச் சோறு போடும். இலை முற்றட்டும், கோடு நின்றுவிடும். எச்சப் புழுவைக் கையால் பொறுக்கு. அருவருப்பாக இருந்தால் சுகந்தியைக் கூப்பிடு, அவள் உன்னைவிடத் தைரியசாலி.

எறும்பு வரிசையாக மரத்தில் ஏறினால் எறும்போடு சண்டைக்குப் போகாதே. மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அது உனக்குக் காட்டிக்கொடுக்கிறது. அவை கழிக்கிற இனிப்புத் தண்ணீரைக் குடிக்கத்தான் எறும்பு போகிறது. போகிறபோது அவற்றுக்குக் காவலும் நிற்கிறது. கன்று சின்னது, தண்ணீரை விசையாக அடித்தாலே அசுவினி பாதி விழுந்துவிடும். விழாததற்கு வேப்பெண்ணெயை நல்ல தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரத்தோடு கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடி. முதலில் ஒரு கிளையில் அடித்துப் பார், இலை கருகவில்லை என்றால் மற்றதுக்கும் அடி. பூ வந்த பிறகு எதையுமே அடிக்காதே. தேனீ வருகிற நேரத்தில் மருந்து அடிப்பது, கல்யாண வீட்டு வாசலில் நாயைக் கட்டி வைப்பது மாதிரி.

அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில், சின்ன முதலைக்குட்டி மாதிரி, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒன்று ஊர்ந்தால் அதை மட்டும் நசுக்கிவிடாதே. பார்க்க அதுதான் பெரிய திருடன் மாதிரி இருக்கும். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்று வளர்வது. நான் எத்தனையோ நசுக்கியிருக்கிறேன்.

மருந்து அடிக்கிற டேங்கியைப் பற்றி ஒன்று. உன் அப்பா யாரிடமோ இரவல் டேங்கி வாங்கி வந்து, என் மிளகாய்க் கன்றுகளுக்குப் பாசமாக வேப்பெண்ணெய் அடித்தார். அதற்கு முதல் நாள் அந்த டேங்கியில் இருந்தது புல்லு மருந்து. கழுவித்தான் இருந்தார்கள். ஆனாலும் கன்றுகள் எல்லாம் சுருண்டு, வெளுத்து, போயே போய்விட்டன. "பூச்சியும் செத்துருச்சு பாத்தியா" என்றார் மனிதர். உனக்கென்று ஒரு சின்னக் கைப்பம்பு வாங்கு. அதை எவருக்கும் கொடுக்காதே, எவரிடமும் வாங்காதே.

சுகந்தியின் கொய்யாவுக்கு எதிரி வேறு. பழ ஈ. காய் பழுக்கத் தொடங்கும்போதே தோலில் குத்தி முட்டையிட்டுவிடும்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கடித்தால் உள்ளே புழு. மருந்தடித்துப் பயனில்லை, புழு உள்ளே இருக்கிறது. காய் எலுமிச்சை அளவு வரும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு பை கட்டிவிடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதி முடித்த பழைய அப்பியாசக் கொப்பிகள் கிடக்கின்றன, அனுப்புகிறேன். மழைக்காலத்தில் காகிதம் நிற்காது, பழைய சேலையைக் கிழித்துக் கட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கு. அதைக் குப்பைக் குழியில் போட்டால் ஈயை நீயே வளர்க்கிறாய். ஒரு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடு, உள்ளேயே வெந்துவிடும். குரங்குக்கு என்ன செய்வது என்று கேட்காதே. அதற்கு என்னிடம் பதில் இல்லை, கலாசாலையிலும் இல்லை.

முள்ளுத் தேயிலையின் மிச்சக் கதையைச் சொல்கிறேன். எனக்குப் பதுளையில் வேலை கிடைத்து நாம் வந்த பிறகு, அந்த லயத்துக் காம்பராவுக்குக் குடிவந்தவர்களுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. மரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அது வளர்ந்து, கூரையைத் தாண்டி, பூத்து, காய்த்தது. ஒரு திருவிழாவுக்குப் போனபோது எங்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். விதையில் வந்த மரம், சரியான புளிப்பு. உன் அப்பா முகத்தைச் சுளிக்காமல் முழுதும் தின்றார். "யாரும் வந்து வெட்டச் சொல்லலயா?" என்று நான் கேட்டேன். "யாரு வரப்போறா அக்கா?" என்றாள் அந்த வீட்டுப் பெண். யாரும் வந்து வெட்டவில்லை, தம்பி. வெட்டியது நாங்கள். எவரோ வந்து வெட்டிவிடுவார்கள் என்று பயந்து நாங்களே வெட்டிக்கொண்டிருந்தோம். டின்னில் வைக்கலாம் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தக் கத்திச் சத்தம்தான் கேட்டது.

டின்னில் வைத்தால் என்ன என்று கேட்பாய். டின்னில் வேர் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரித்துக்கொள்ளும். வெயிலில் தகரம் கொதிக்கும், மழையில் தண்ணீர் தேங்கும். கன்று சாகாது, அதுதான் மோசம். சாகாமல், வளராமல், எந்நேரமும் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நிற்கும். நாம் அப்படி நின்றது போதும். மண்ணில் இருக்கட்டும். சரிவான இடம், அதனால் கன்றுக்கு மேல்பக்கம் சின்னதாக ஒரு காண் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடு. கீழ்ப்பக்கம் பிறை மாதிரி வரம்பு கட்டு. காய்ந்த புல்லைச் சுற்றிப் போடு, தண்டில் முட்டாமல். முதல் வருடம் பூத்தால் பிஞ்சை உதிர்த்துவிடு. மனசு வராது. ஆனாலும் உதிர்.

இவ்வளவும் எழுதிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இன்று காலை லீவு போட்டுவிட்டுப் பெரகலைக்குப் போனேன். உங்கள் பீல்ட் ஆபீசர் காலையில் சந்திக் கடையில் டீ குடிக்கிறவர் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் படித்த பிள்ளை. உன்னிடம் சொல்லாமல் போனேன், சொன்னால் தடுத்திருப்பாய்.

என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "டீச்சர்! வாங்க வாங்க, ஒக்காருங்க. பிளேன்டீ ஒன்னு சொல்லவா?"

"டீ கெடக்கட்டும். மகன் வீட்டுல மரம் வைக்கக்கூடாதுன்னு சொன்னீங்களாமே?"

"ஐயோ, நான் சொல்லல டீச்சர். மேல சொல்றாங்க. பீன்ஸ் போடட்டும், கோவா போடட்டும், யாரு கேக்கப் போறா?"

"எத்தன மாசம் நின்னா அது மரம்? ஒங்க வீட்டுக் கத்தரி ரெண்டு வருசமா நிக்கிதே, அதப் புடுங்கிட்டீங்களா?"

சிரித்துவிட்டார். "டீச்சர் இன்னும் அதே மாதிரிதான் கேள்வி கேக்குறீங்க." பிறகு கடைக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்ககிட்ட மறைக்க என்னா இருக்கு. மரம் நின்னா அதுவே ஒரு ஆதாரமாப் போயிரும் டீச்சர். நாளைக்கு உறுதி எழுதுறப்ப, இது நாங்க வச்ச மரம், எங்க எடம்னு நிப்பாங்க."

"அதுக்குத்தான் வச்சிருக்கான்."

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "நான் மேல போயி என்னாத்தச் சொல்றது?"

"டீச்சர் வந்து கத்துனாங்கன்னு சொல்லுங்க."

"நீங்க கத்தலயே டீச்சர்."

"இன்னும் கத்தல."

இதைச் சொல்லிவிட்டு, டீக்குக் காத்திராமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை, தம்பி. நல்ல பிள்ளை, ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்கிற பிள்ளை. நாளைக்கே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம். வந்து பிடுங்கினாலும் பிடுங்கலாம். பிடுங்கமாட்டார்கள் என்று உனக்கு எழுதித்தர என்னால் முடியாது. அவர்கள் பிடுங்குவது வேறு, நீயே பேர்த்தெடுப்பது வேறு. இரண்டாவதை மட்டும் செய்யாதே.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. வீட்டில் உன் அப்பா நேற்று ஒரு பலாப்பழம் பிளந்தார். வரிக்கன் சாதி, தேன் மாதிரி. கொட்டையைக் கறிக்கென்று எடுத்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதில் பெரியதாகப் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, என் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். "பலாவா? ஏழு பேர்ச்சிலயா? வீட்டயே தூக்கிரும்டி" என்று சத்தம் போடுகிறார். வீட்டை விட்டுத் தள்ளித்தான் வைக்கப்போகிறோம். பலாவுக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும், கன்றாக வளர்த்துப் பேர்த்து நட்டால் அது கோபித்துக்கொள்ளும். கொட்டையாகவே, நிற்கப்போகிற இடத்திலேயே போடவேண்டும், அதுவும் காய்வதற்குள். ஒரு குழிக்கு மூன்று நான்கு போட்டு, முளைத்த பிறகு நல்லதாக ஒன்றை விடவேண்டும்.

ஏன் பலா என்று உனக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். இந்த நாட்டில் பலா மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. அரசாங்கத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி கேட்கிறவர், அந்த மரம் எங்கே நிற்கிறது, யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறது என்றெல்லாம் சொல்லவேண்டும். சொல்லட்டும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சுகந்தியிடம் சொல்லு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றும் பெரிதாகச் செய்யவேண்டாம். நீ குழியை மட்டும் வெட்டி வை. முழங்கால் ஆழம் போதும், மேல்மண்ணைத் தனியாக வை. வீட்டுக்குப் பின்னால் வேண்டாம். முன்னால், ரோட்டோரம்.

அம்மா